மிருதங்கம் வாசிப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். 41 வயதில் மிருதங்கம் கற்கத் தொடங்கினேன், இப்போது 2 வருடம் ஆகிறது. தினமும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் சாதகம் (பயிற்சி), விட்டதில்லை.

‘தரிகிடதொம்’ என்ற சொற்கட்டு முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுகிறது. அதைவிட இரு மடங்கு வேகமான இரண்டாம் காலமும் சரி. மூன்றாம் காலத்துக்குப் போனதும் தோள் இறுகிவிடுகிறது. இடது பக்கத் தோலான தொப்பியில் விழவேண்டிய ‘கி’ கேட்பதே இல்லை. வலது பக்கத்தில் வாசிக்கும் ‘நம்’ என்ற சொல் இன்னும் மோசம். கரணையின் (நடுவில் உள்ள கறுப்பு வட்டத்தின்) ஓரத்தில் லேசாகத் தொட்டிருக்க வேண்டிய மோதிர விரல் வேகத்தில் அழுத்திவிடுகிறது, நாதம் அடைத்துப்போகிறது.

“வேகம் தானாக வரும், காதைக் கொடுத்து வாசிங்க” என்கிறார் ஆசிரியர். அவர் சொல்வது சரிதான், நம்புகிறேன். ஆனால் வீட்டில் தனியாக உட்காரும்போது எதைக் கவனிப்பது?

இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் சொல்லுங்கள்: தாளம் தட்டிக்காட்டும் மெட்ரோனோமில் வேகத்தை எவ்வளவு மெதுவாகக் கூட்டினீர்கள்? இடது கைக்கு மட்டும் தனியாகச் சாதகம் செய்தீர்களா? அப்புறம், தோள் இறுகுவதை எப்படித் தளர்த்தினீர்கள்?