வாசிப்புத் திட்ட மதிப்பீடு: ஒப்பீட்டுப் பள்ளிகளை எப்படித் தேர்வது?

வணக்கம். 12 அரசு தொடக்கப் பள்ளிகளில் 3ஆம் வகுப்புக்கு ஜூனில் தமிழ் வாசிப்புத் திட்டம் தொடங்குகிறோம். தொடக்கத்தில் ஒரு சோதனை: எழுத்து, சொல், பத்தி, கதை என ஒவ்வொரு குழந்தையையும் தனியாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்வோம். மார்ச்சில் மீண்டும் அதே அளவுகோல், ஆனால் வேறு பத்தி; பழைய தாளைக் கொடுத்தால் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள்.

'பழம்' என்பதைப் 'பளம்' என்று வாசித்தால் வட்டார வழக்கா, பிழையா? இதை முன்பே முடிவு செய்யாவிட்டால் இரண்டு பேர் போடும் மதிப்பெண் ஒத்துப்போகாது. அதனால் பத்தில் ஒரு குழந்தையை இருவர் தனித்தனியே சோதிப்பார்கள். வகுப்பாசிரியரே சோதிக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறோம்.

சிக்கல் இதுதான்: 2022 முதல் அரசு தொடக்கப் பள்ளிகளில் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம் நடக்கிறது. எங்கள் திட்டத்தின் பலனை மட்டும் எப்படிப் பிரித்தறிவது? ஒப்பீட்டுக்கு எந்தப் பள்ளிகளை எடுப்பது? நடுவில் பள்ளி மாறும் பிள்ளைகளை என்ன செய்வது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். மாதிரிப் படிவம் இருந்தால் பகிருங்கள்.