துணி ஷட்டருக்கு என்ன பசை? பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுங்கள்

ஜெலுத்தோங், பினாங்கு

அப்பாவின் பெண்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் ஃபிலிம் கேமரா இருபது வருடங்களுக்கு மேல் அலமாரியில் கிடந்தது. எங்கள் குடும்பக் கல்யாணங்கள் பாதி அதில் எடுத்தவைதான். சென்ற முறை வீடு ஒழித்தபோது கையில் எடுத்துச் சொடுக்கிப் பார்த்தேன். ஷட்டர் என்பது ஃபிலிமுக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இரண்டு துணித் திரைகள். முதல் திரை ஓடியது. இரண்டாவது திரை பாதி வழியில் கோணலாக நின்றுவிட்டது. லென்ஸ் பொருந்தும் முகப்பையும் ஆடிப் பெட்டியையும் கழற்றிப் பார்த்தால்தான் காரணம் தெரிந்தது. திரையை இழுக்கும் மேல் நாடா, கீழ் நாடா இரண்டில் மேலது உருளையை விட்டு வந்திருந்தது. நாடா அறுந்திருக்கவில்லை. அதன் நுனியில் பழைய பசை பழுப்பேறி, நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது.

அந்த ஒரே நுனியை நான் மூன்று முறை ஒட்டியிருக்கிறேன்.

முதலில் பிள்ளைகள் தாள் ஒட்டும் வெள்ளைப் பசை. தவறாக வைத்தாலும் நகர்த்திக்கொள்ளலாமே என்ற தைரியம். காய்ந்ததும் நன்றாகப் பிடித்தது. ஆனால் உருளைக்குள் இருக்கும் சுருள்வில் இரவும் பகலும் நாடாவை இழுத்துக்கொண்டே இருக்கிறது. வெள்ளைப் பசையோ நம் ஊர் ஈரக்காற்றை வாங்கி இளகும். இரண்டே மாதத்தில் நாடா வழுக்கி ஒரு மில்லிமீட்டர் இறங்கிவிட்டது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட முடியாது. 1/1000 நொடி வேகத்தில் இரண்டு திரைகளுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் பிளவு மட்டுமே ஃபிலிமைக் கடந்து போகிறது. அந்தப் பிளவு ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று என்றானால், படத்தின் ஒரு விளிம்பு மற்றதைவிட ஒன்றரை மடங்கு வெளிச்சம் வாங்கிவிடும்.

இரண்டாவது, செருப்பு தைப்பவர்கள் பூசும் மஞ்சள் நிற நியோப்ரீன் பசை, அதாவது செயற்கை ரப்பர் பசை. பசை சரியானதுதான், நான் பூசிய மாலைப்பொழுதுதான் சரியில்லை. வெளியே கொட்டுகிற மழை. இரண்டு பக்கமும் பூசி, ஆறட்டும் என்று காத்திருந்தேன். பளபளவென்று இருந்த பசை, கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் என் கண் முன்னாலேயே மங்கி வெளுத்தது. கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேல்பரப்பு குளிர்ந்துவிடுகிறது. ஈரக்காற்று அதன்மேல் நீராகப் படிகிறது. அப்போது எனக்கு இது தெரியாது. அப்படியே அழுத்தி ஒட்டிவிட்டேன். மறுநாள் சாமணத்தால் தொட்டதும் முழு நுனியும் பச்சைத் தோல் உரிவதுபோல் வந்துவிட்டது.

மூன்றாவது முறை வெயில் நாளாகப் பார்த்து, குளிர்சாதனத்தை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு அறையை உலர்த்தினேன். லைட்டர் எண்ணெயைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுப் பழைய பசையைத் துடைத்தேன். நாடா முன்பு நின்ற இடத்தைப் பழைய பசைத் தடம் காட்டியது. துடைக்கும் முன்பே அங்கே ஊசியால் மெல்லிய கோடு கீறி வைத்துக்கொண்டேன். பல்குச்சி நுனியில் பசை எடுத்து, அடியிலுள்ள உலோகம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இரு பக்கமும் தடவினேன். விரல் முட்டியால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து ஒரே தடவையில் வைத்தேன். இந்தப் பசையில் மறுவாய்ப்பு இல்லை. மறுநாள்வரை சுருள்வில்லை முறுக்கவில்லை. மூன்று வருடம் ஆகிறது, நிற்கிறது.

செந்தூல், கோலாலம்பூர்

அக்கா, நீங்கள் சொல்லாமல் விட்ட பசை ஒன்று இருக்கிறது. நொடியில் ஒட்டும் பசையை யாரும் கேமராவுக்குள் கொண்டுபோக வேண்டாம். என் ஸோர்க்கி 4இல் திரையின் உலோக விளிம்புப் பட்டை கழன்றபோது அதைத்தான் ஒரு சொட்டு விட்டேன். பட்டை கல்லாக ஒட்டியது. துணியும் கல்லானது. பசை ஊறிய இடத்துக்கும் ஊறாத இடத்துக்கும் நடுவிலுள்ள கோட்டில், உருளையில் சுற்றிச் சுற்றித் துணி வெடித்துவிட்டது. போதாததற்கு அதன் ஆவி காட்சிக் கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளைப் பொடியாகப் படிந்தது. திரை முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. ‘பலமான பசை’ என்று தேடுவதே தவறு என்று இப்போது நினைக்கிறேன். துணி வளையும்போது கூடவே வளைகிற பசைதான் வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்தவர். மரத்தில் உறைந்துபோன ஒட்டுப்பாலை வெயிலில் போட்டு வைத்தால் பிசுபிசுத்து வீணாகும் என்று சொல்வார். அந்தப் பேச்சு கேமரா பழுதுபார்க்கும்போது நினைவுக்கு வரும் என்று எண்ணவில்லை.

நான் சைக்கிள் டியூப் ஒட்டும் பசையைப் பூசினேன். ரப்பர் பூசிய துணிக்கு ரப்பர் பசை பொருத்தம்தானே என்ற கணக்கு. முதல் வருடம் குறையே இல்லை. பிறகு வேகம் தடுமாறியது. திறந்தால், பித்தளை உருளையில் பசை பச்சை கலந்த பழுப்புக் களிம்பாக இளகி, திரையின் அடுத்த சுற்றையும் பிடித்துக்கொண்டிருந்தது. பித்தளையில் இருப்பது செம்பு; செம்பு இயற்கை ரப்பரை விரைவாகக் கெடுக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதியாக்கும் முறையை 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டுபிடித்தார். திரைத்துணியின் ரப்பர் அப்படிப் பக்குவம் செய்தது. நான் பூசியது பக்குவப்படாத ரப்பர், ஏறக்குறைய தாத்தாவின் ஒட்டுப்பால். இப்போது செயற்கை ரப்பர் பசைக்கு மாறிவிட்டேன். வெளிநாட்டுப் பழுதுபார்ப்பவர்கள் பலர் சொல்லும் ப்ளையோபாண்டும் அந்த வகைதான்.

ஆயர் ஈத்தாம், பினாங்கு

என் திரை நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஊசித்துளை ஒன்று இருக்கிறது. லென்ஸுக்கும் திரைக்கும் நடுவே ஆடி இல்லாத பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, மூடி போடாமல் வெயிலில் வைத்துவிட்டேன். சூரியன் லென்ஸ் வழியாகத் துணியைச் சுட்டுவிட்டது. மஞ்சள் பசையால் துணித்துண்டு ஒட்டலாமா?

இன்னொன்று: குளிர்சாதன அறையை மூடிவைத்துக்கொண்டு அந்தப் பசையின் வாடையைச் சுவாசிப்பது ஆபத்தில்லையா?

ஜெலுத்தோங், பினாங்கு

தம்பி, துண்டு ஒட்டாதீர்கள். அந்த இடம் தடித்து, உருளையில் சுற்றும்போது மேடாகும், ஓட்டம் கெடும். துணிக்குப் பூசும் கறுப்பு வண்ணத்தை நீர்க்கச் செய்து, மெல்லிய தூரிகையால் ஒரு பூச்சு, காய்ந்தபின் இன்னொரு பூச்சு. ஊசித்துளைக்கு அதுவே போதும்.

வாடை பற்றிக் கேட்டது மிகவும் சரி. பல டின்களில் டொலுவீன் என்ற கரைப்பான் இருக்கிறது, தலை சுற்றும். நான் அறையை முதலில் உலர்த்திவிட்டு, பூசியதும் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். பத்து நிமிடம் கழித்து உள்ளே போய் ஒட்டியதும் ஜன்னலைத் திறந்துவிடுவேன்.

செந்தூல் தம்பி, வளையும் பசை என்று சொன்னீர்களே, அதற்கு என்னிடம் ஒரு சிறு சோதனை உண்டு. புதிய டின் வாங்கினால் பழைய திரைத்துணித் துண்டில் பூசி, காயவைத்து, பென்சிலில் நூறு முறை சுற்றி அவிழ்க்கிறேன். வெள்ளைக் கோடு விழுந்தால் அந்த டின் கேமராவுக்கு இல்லை.

ஒட்டி முடித்ததும் முதல் ஃபிலிமைத் தண்ணீர்மலைக் கோவில் படிகளில் நின்று, வெறும் வானத்தைப் பார்த்து 1/1000இல் எடுத்தேன். வானத்தில் திரைக்கோணல் ஒளிய முடியாது. கழுவி வந்த நெகட்டிவை அப்பாவிடம் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் மாறி மாறிப் பார்த்தார். “அடுத்த ஃபிலிம் போடு” என்றார்.