பிளண்டருக்குத் தமிழ்ச்சொல்: வியாழன் மாலைக்குள் முடிவு வேண்டும்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

2024இல் சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரெனும் ஆடிய உலக சாம்பியன் போட்டியின் 14 ஆட்டங்களையும் தமிழ்க் குறிப்புகளோடு கையேடாக்கி வருகிறோம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளிச் சதுரங்க வகுப்புகளுக்கானது. வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது. எல்லாம் முடிந்து ஒரே ஒரு சொல்லில் வேலை நிற்கிறது.

ஆட்டக் குறிப்பில் தவறான நகர்த்தலைக் காட்ட மூன்று குறைக்குறிகள் வருகின்றன: ?!, ?, ??. முதலிரண்டுக்குப் பிசகு, பிழை என்று தற்காலிகமாக இட்டிருக்கிறேன். ?? என்பதற்கு, அதாவது படுமோசமான நகர்த்தலைக் குறிக்கும் பிளண்டருக்கு, எதை வைத்தாலும் 14ஆம் ஆட்டத்தின் 55ஆம் நகர்த்தலில் இடிக்கிறது.

நிலை இதுதான். டிங்குக்கு ஒரு சிப்பாய் குறைவு. ஆனால் இருபுறமும் ஒரு யானையும் (ரூக்) ஒரு மந்திரியும் (பிஷப்) இருந்ததால் டிராவுக்கு வழி இருந்தது. டிங்கின் வெள்ளை மந்திரி ஏ8 மூலையில் நிற்கிறது. டிங் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்து பரிமாற்றத்துக்கு நீட்டினார். குகேஷ் யானையை வெட்டினார், டிங் ராஜாவால் திருப்பி வெட்டினார். அடுத்து கறுப்பு மந்திரி டி5 கட்டத்தில் வந்து உட்கார்ந்தது. மூலையில் நின்ற மந்திரிக்கு ஒதுங்க இடமில்லை. அதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே. 58ஆம் நகர்த்தலில் கறுப்பு ராஜா இ5 கட்டத்தில் வெள்ளை ராஜாவை எதிரே நின்று மறிக்கும் எதிர்நிலை பிடித்ததும் டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். 7.5–6.5.

‘பெரும்பிழை’ என்று எழுதிப் பார்த்தேன், சப்பென்று இருக்கிறது. ‘மாபிழை’ என்றால் பிள்ளைகள் பாதியில் மாப்பிள்ளை என்று படித்துவிடுவார்கள். பெயர்ச்சொல்லாகவும் வினையாகவும் நிற்கக்கூடிய ஒரு சொல் வேண்டும். குறிவிளக்க அட்டவணையின் பத்தி 3 செ.மீ. அகலம்தான்.

---

தமிழாசிரியர் எழுதியது:

அம்மையீர், சொல் இரண்டாயிரம் ஆண்டாக நம் கையிலேயே இருக்கிறது. இழுக்கு.

‘எண்ணித் துணிக கருமம் துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு.’ தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற விதியின் உட்கருத்து இந்தக் குறளில் இருக்கிறது. இழுக்கல் என்றால் வழுக்குதல். ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல்’ என்பதில் வழுக்கு நிலமே பொருள். காலூன்றிய இடம் வழுக்கியதால் வீழ்ந்தவர் டிங். இதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும்?

அது வேண்டாமென்றால் வழு இருக்கிறது. இலக்கணத்தில் வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்று வைத்தார்கள். சரியான நகர்த்தல் வழாநிலை. ?? வழு. விதிப்படி குறையுடையதாகத் தோன்றினாலும் காரணம் பற்றி ஏற்கத்தக்கது வழுவமைதி, நீங்கள் ‘!?’ என்று போடுகிறீர்களே, அந்த நகர்த்தல். துணிந்து காய் பலியிடுவதற்கு இதைவிட நல்ல பெயர் உலகில் எந்த மொழியிலும் கிடையாது. நன்னூலார் திணை, பால், இடம், பொழுது, வினா, இறை, மரபு என்று வழுவை ஏழாகப் பகுத்தார். சதுரங்க வழுக்களையும் அப்படிப் பகுக்கலாம்: முறை மாற்றி ஆடுவது பொழுது வழு, கட்டம் தவறுவது இட வழு. டிங்குடையது இட வழு. யானை எஃப்2 அல்லாமல் வேறு கட்டத்தில் நின்றிருந்தால்...

---

பயிற்சியாளர் எழுதியது:

ஐயா, மன்னிக்கணும். ‘குடும்பத்துக்கு இழுக்கு’ என்பதுதான் இன்றைக்கு அந்தச் சொல்லின் வாழ்க்கை. ‘டிங் இழுக்கு செய்தார்’ என்று அச்சில் வந்தால், அவர் ஏதோ மானக்கேடான காரியம் செய்ததாகப் பிள்ளைகள் நினைப்பார்கள். தோற்ற பிறகு அவர் கைகுலுக்கி நின்ற பெருந்தன்மையைப் பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டோம்.

வகுப்பில் பிள்ளைகள் சொல்வது மூன்றே சொற்கள்: ‘பிளண்டர் பண்ணிட்டான்’, ‘தூக்கிக் கொடுத்துட்டான்’, ‘கோட்டை விட்டுட்டான்’. பிளண்டர் என்றே தமிழ் எழுத்தில் போடுங்கள். செக், டிரா எல்லாம் இருக்கின்றனவே.

தமிழ்ச்சொல்தான் வேண்டுமென்றால் எது பிளண்டர் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். இழப்பின் அளவு மட்டும் அதை முடிவு செய்வதில்லை. 25 நகர்த்தல் ஆழத்தில் கணினி இன்ஜின் கண்டுபிடிக்கும் இழப்பு ஆட்டத்தையே பறித்தாலும் அதை யாரும் பிளண்டர் என்று சொல்ல மாட்டார்கள். மறுப்பு, அதாவது அது தவறென்று காட்டும் எதிர் ஆட்டம், குட்டையாக இருக்க வேண்டும், ஆடியவரின் தரத்துக்குக் கண்ணில் பட்டிருக்க வேண்டும். 55ஆம் நகர்த்தலில் மறுப்பு மூன்றே படி: யானை வெட்டு, மந்திரி டி5, மந்திரி வெட்டு. அதனால்தான் பெரும்பிழை, மாபிழை எல்லாம் பொருந்தாமல் நிற்கின்றன. அவை அளவைச் சொல்கின்றன. நமக்கு வேண்டியது தெரிந்தவர் தவறவிட்ட விதத்தைச் சொல்லும் சொல்.

ஒவ்வொரு நகர்த்தலுக்கு முன்னும் எதிராளிக்கு என்ன செக் இருக்கிறது, என்ன வெட்டு இருக்கிறது, என்ன மிரட்டல் இருக்கிறது என்று அந்த வரிசையில் பார்க்கச் சொல்கிறோம். காவலில்லாத காயும் கடைசி வரிசையில் ராஜா அகப்படும் செக்மேட்டும் இதில் சிக்கிவிடும். தோல்வி உறுதியான முடிவாட்டத்துக்குள் இறங்கும் பரிமாற்றம் சிக்காது. வெட்டு முடிந்த பிறகு உள்ள நிலையையும் மனதில் வைத்து இன்னொரு சுற்று அதே மூன்றையும் பார்க்க வேண்டும். களைத்த மனம் முதல் சுற்றோடு நின்றுவிடும். நவம்பர் 25 தொடங்கி டிசம்பர் 12 வரை 14 ஆட்டம், அந்த ஆட்டத்திலும் 41ஆம் நகர்த்தலிலிருந்து 30 நிமிடமும் நகர்த்தலுக்கு 30 விநாடியும்தான் கூடுதல். களைப்பு இல்லாமல் எப்படி?

---

மென்பொருள் தமிழாக்கர் எழுதியது:

வழு வேண்டாம் என்பதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று. கணித்தமிழில் மென்பொருள் குறையான ‘பக்’ என்பதற்கு வழு என்று நிலைபெற்று நாளாகிவிட்டது. ஆட்டம் முடிந்து திரையில் ‘2 வழுக்கள்’ என்று வந்தால் செயலி பழுது என்று புகார்தான் வரும். பிழைக்கும் இதே சங்கடம் உண்டு, ‘பிழை நேர்ந்தது’ என்ற எச்சரிக்கைச் செய்தியோடு குழம்பும். கையேடு அச்சுதான் என்றாலும் இதே சொற்கள் நாளை செயலிக்கும் போகும்.

அளவு பற்றிப் பயிற்சியாளர் சொன்னது சரி, ஆனால் முழுவதும் சரியில்லை. செயலிகள் ?? போடுவது கணக்கை வைத்துத்தான். ஆனால் எத்தனை சிப்பாய் மதிப்புக்கு முன்னிலை என்ற சிப்பாய்க் கணக்கை நேராக எடுப்பதில்லை, அதை வெற்றி வாய்ப்பாக மாற்றி, அது எவ்வளவு சரிந்தது என்று பார்க்கின்றன. 12 சிப்பாய் மேலே இருப்பவர் 8க்கு இறங்கினால் பொருட்படுத்தாது. சமநிலையிலிருந்து 4 இறங்கினால் உடனே ?? விழும். அன்று நேரலை பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், பலகையில் ஒன்றும் நடக்காதது போல இருந்தது, யார் கை ஓங்கியது என்று காட்டும் பக்கத்துப் பட்டை மட்டும் சடாரென்று கறுப்பானது. குகேஷுக்கே சில கணம் கழித்துத்தான் தெரிந்தது. வேறொரு யானை நகர்த்தலை ஆட இருந்ததாகப் பிறகு சொன்னார். பட்டை பார்த்த ரசிகர்களுக்கு அவருக்கு முன்பே தெரிந்துவிட்டது. ‘இதைக்கூடப் பார்க்க மாட்டாரா’ என்ற கூச்சலில் பாதி அந்தப் பட்டையால் வந்தது.

இன்னொன்று. குறிப்புக் கோப்புகளில் இந்தக் குறிகள் எண்ணாக நிற்கின்றன: ! 1, ? 2, !! 3, ?? 4, !? 5, ?! 6. சொல் எதுவானாலும் ஆறுக்கும் ஒரே குடும்பமாக அமைந்தால் நல்லது.

---

யாழ்ப்பாண உறுப்பினர் எழுதியது:

கோட்டை விடுதல் பற்றி ஒருவரும் நின்று யோசிக்கவில்லை. கையில் இருந்த வாய்ப்பை நழுவவிடுவதற்கே நாங்கள் அதைப் பாவிக்கிறோம். அது பிளண்டர் இல்லை, எதிராளியின் தவறைக் காணாமல் போவது. இரண்டும் வேறு வேறு.

2014 சோச்சி, கார்ல்சன்–ஆனந்த் உலக சாம்பியன் போட்டி, ஆறாம் ஆட்டம். 26ஆம் நகர்த்தலில் கார்ல்சன் ராஜாவை டி2 கட்டத்துக்கு நகர்த்தினார். இ5 சிப்பாயைக் குதிரையால் வெட்டியிருந்தால் ஆனந்துக்கு ஆட்டம். ஆனந்த் ஒரு நிமிடமே யோசித்து ஏ4க்குச் சிப்பாயைத் தள்ளினார். குறிப்பில் இரண்டுக்கும் ?? போடுகிறார்கள். கார்ல்சன் செய்தது பிளண்டர். ஆனந்த் செய்தது கோட்டை விட்டது. தமிழில் இந்த வேறுபாடு ஏற்கெனவே உண்டு, அதைக் கலைக்க வேண்டாம்.

பிழை என்ற சொல்லுக்கும் ஒரு வார்த்தை. ‘யானை பிழைத்த வேல்’ என்றால் யானையின் மேல் எறிந்து குறி தப்பிய வேல். முயலைக் கொன்ற அம்பைவிட அதை ஏந்துவது இனிது என்கிறார் வள்ளுவர். குறி தப்புதல்தான் மூலப் பொருள். உயிர் பிழைத்தல் என்பதும் அதுவே, சாவின் குறி தப்பியது. எனவே ஒற்றைக் கேள்விக்குறிக்குப் பிழை சரி: நல்ல நோக்கம், குறி தப்பியது.

---

தமிழாசிரியர் எழுதியது:

பிழைத்தல் பற்றிச் சொன்னது அருமை. அப்படியானால் ??க்குப் பொச்சாப்பு என்று வைத்தால் என்ன? மறதி, சோர்வு. குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது.

---

பயிற்சியாளர் எழுதியது:

அந்த அதிகாரத்தின் முதல் குறளே ‘சிறந்த உவகை மகிழ்ச்சியிற் சோர்வு’ என்கிறது ஐயா. மகிழ்ச்சி மிகுதியில் வரும் மறதி. டிங் எங்கே மகிழ்ந்திருந்தார்? சமநிலையை முறிக்கும் மறுநாள் டைபிரேக்குக்குப் போய்ச் சேரப் பார்த்தார், காய்களைக் குறைத்தால் பாரம் குறையும் என்று நினைத்தார். வென்றுகொண்டிருக்கும்போது கை தளர்ந்து கெடுப்பதற்குப் பொச்சாப்பு பொருந்தும். அதையும் ஏழாம் வகுப்புப் பிள்ளை வாய்விட்டுச் சொல்லாது.

---

யாழ்ப்பாண உறுப்பினர் எழுதியது:

யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கல் என்று வைப்போம். இழுக்கல், வழுக்கல் என்று ஐயா சொன்ன அதே பொருள், அவமானம் ஒட்டாமல். பெரியவருக்கு நேர்ந்தது என்பதும் பழமொழியிலேயே இருக்கிறது. நகர்ந்த காயும் யானை.

---

தமிழாசிரியர் எழுதியது:

அங்கேதான் எனக்கு ஓர் ஐயம். தேர், யானை, குதிரை, காலாள் என்பது நால்வகைப் படை. மூலையில் நிற்கும் ரூக், தேரின் வழிவந்தது. பிஷப்தான் பழைய யானை. ரஷ்ய மொழியில் இன்றும் அதை யானை என்றே அழைக்கிறார்கள். முறைப்படி பார்த்தால் ஏ8 மூலையில் அகப்பட்டதுதான் யானை. கையேட்டில் ரூக்கை யானை என்பதை மறுபரிசீலனை செய்ய வேண்டும். கோட்டை என்பதும் தவறு, அது...

---

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, காய்ப் பெயர்கள் 112 பக்கமும் அச்சுக்கோர்த்து முடிந்தவை. அதை இப்போது தொட முடியாது.

சறுக்கல் எனக்குப் பிடிக்கிறது, ஒரு தடை மட்டும். விளையாட்டுப் பக்கங்களில் ‘தரவரிசையில் சறுக்கல்’ என்று எழுதி எழுதி அதைப் பின்னடைவு ஆக்கிவிட்டார்கள். ‘12ஆம் ஆட்டத்தில் குகேஷுக்குச் சறுக்கல்’ என்றால் தோற்றார் என்று படிக்கிறோமே தவிர ஒரு நகர்த்தலை நினைப்பதில்லை.

ரசிகர் எதிர்வினை பற்றிய பெட்டிச்செய்தியும் இதே சொல்லில் தொங்குகிறது. முன்னாள் உலக சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக் இதைச் சிறுபிள்ளைத்தனமான பிளண்டர் என்றும், பட்டம் இப்படி முடிவானதில்லை என்றும் எழுதினார்.

---

பயிற்சியாளர் எழுதியது:

பெட்டிச்செய்தியில் 1892 ஹவானா உலக சாம்பியன் போட்டியையும் சேருங்கள். ஸ்டைனிட்ஸுடன் 23ஆம் ஆட்டம், சிகோரின் கைக்கு வெற்றி வந்திருந்தது. எச்2 கட்டத்தைக் காத்து நின்ற மந்திரியை 32ஆம் நகர்த்தலில் அவரே விலக்கினார், இரண்டே நகர்த்தலில் மேட். பட்டப் போட்டியும் அதோடு முடிந்தது. கிராம்னிக்கே 2006இல் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் கணினிக்கு எதிராக ஒரே நகர்த்தலில் மேட் வாங்கியவர். அவரைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. உச்சத்தில் ஆடுபவர்கள் எல்லோருக்கும் நேர்வது இது, சொல்லும் அந்த மரியாதையோடு இருக்க வேண்டும்.

பின்னடைவோடு குழம்பக் கூடாதென்றால் பழமொழியை முழுதாக எடுங்கள்: அடி சறுக்கல்.

---

தமிழாசிரியர் எழுதியது:

எடுப்பதானால் ஒற்று போடுங்கள். அடியினது சறுக்கல், ஆறாம் வேற்றுமைத் தொகை, நிலைமொழி அஃறிணை, வல்லினம் மிகும்: அடிச்சறுக்கல். வினையாக்கும்போது ‘அடி சறுக்கினார்’ என்று பிரித்து எழுதுங்கள், அங்கே ஒற்று வராது. என் வாக்கு இன்னமும் வழுவுக்குத்தான். அருஞ்சொல் பட்டியலில் அடைப்புக்குள்ளாவது அது இருக்கட்டும்.

---

மென்பொருள் தமிழாக்கர் எழுதியது:

செயலிப் பொத்தானுக்கு அடிச்சறுக்கல் நீளம். அங்கே சறுக்கல் என்று சுருக்குவேன். குழப்பம் வரும் என்று தெரிந்தே சொல்கிறேன். ஒரே குடும்பமாகவும் அமையவில்லை.

---

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

புதன் இரவு 11 மணி. அடிச்சறுக்கலுக்கு மூவர், வழுவுக்கு ஒருவர், பிளண்டர் என்றே வைக்கலாம் என்பவர் ஒருவர். பயிற்சியாளர் இரண்டுக்கும் வாக்களித்ததால் அவரை அடிச்சறுக்கலில் சேர்த்துக்கொண்டேன். அட்டவணை இப்படிப் போகிறது: ?! பிசகு, ? பிழை, ?? அடிச்சறுக்கல். 2014 ஆட்டக் குறிப்பில் ஆனந்தின் நகர்த்தலுக்கு மட்டும் ‘கோட்டை விட்டார்’. 3 செ.மீ. பத்தியில் எழுத்தை ஒரு புள்ளி குறைத்ததும் அடங்கிவிட்டது. 55ஆம் நகர்த்தலின் குறிப்பு: ‘டிங் இங்கே அடி சறுக்கினார்.’

---

பயிற்சியாளர் எழுதியது:

நல்லது. வகுப்பில் முதல் நாள் ‘அடிச்சறுக்கல், அதாவது பிளண்டர்’ என்று சேர்த்தே சொல்வேன். 55ஆம் நகர்த்தலின் படத்தை யானையை எடுத்துப்போன பிறகு அச்சிடாமல், எஃப்2க்கு நகர்த்தும் முன் உள்ள நிலையில் அச்சிடுங்கள். ஏ8 மந்திரியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.