பிரேக் பைப் மாற்றிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

உவரி:
கடற்கரை ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் அடியில் படுத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எங்கள் மாருதி 800-ல் கிளிப்புக்கு அடியில் மண் தங்கி, உப்புக் காற்றும் சேர்ந்து, பின்சக்கரத்துக்குப் போகும் பைப் பொரிந்துவிட்டது. பெடல் மெத்தென்று அமுங்கியது. பார்த்தால் டயர் பக்கம் பிரேக் ஆயில்.

வள்ளியூர் மெக்கானிக் அண்ணாச்சி முதலில் சொன்னது, "பழச வெட்டிராதீங்க தம்பி, முழுசா கழத்துங்க. அதான் நமக்கு அளவு." நட்டுகளுக்குத் துரு இளக்கும் ஆயில் அடித்து ராத்திரி ஊற விட்டார். சாதா ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும் என்று, வாய் பிளந்த ரிங் ஸ்பேனரால்தான் திருப்பினார்.

பழைய பைப்பின் வளைவுகளோடு கட்டுக்கம்பியை ஓட்டி நீளம் எடுத்து, 4.75 மி.மீ. புது பைப்பைக் கட்டரால் நறுக்கினார். ஹேக்ஸா வைத்தால் தூள் உள்ளே போகுமாம். பிசிறைச் சுரண்டி, காற்றடித்து, இரண்டு நட்டையும் உள்ளே கோர்த்த பிறகுதான் முனையில் ஃபிளேர் அடித்தார், அதாவது கசியாமல் உட்கார முனையை விரித்துவிட்டார். அப்புறம் பழையதைத் தரையில் போட்டு, பக்கத்தில் புதியதை வைத்து ஒவ்வொரு வளைவாக. பெரிய வளைவுக்குக் கட்டைவிரல் போதும்; சக்கரத்துக்குள் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் கிட்ட வரும் சின்ன வளைவுக்கு மட்டும் பெண்டர். முனையை ஒட்டிக் கொஞ்ச தூரம் நேராகவே விட்டார். வளைவு வந்துவிட்டால் நட்டு பின்னால் நகராது, ஃபிளேர் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க வழி இல்லை. எனக்கு வளைப்பதுதான் வித்தை என்று நினைப்பு. ஆனால் அவர் நேரமெல்லாம் முனைகளில்தான் போயிற்று.

அம்பை:
எங்க பக்கம் ஒரு கடையில் ஏசிக்குப் போடும் செம்புக் குழாயைப் போட்டுத் தருகிறேன் என்றார்கள். கும்பிடு போட்டு வந்துவிட்டேன். வெறும் செம்பு வண்டி அதிர்வில் நாளடைவில் இறுகி வெடிக்கும். செம்பு-நிக்கல் கலவை பைப் என்றால் சரி, துருவும் ஏறாது, கையால் வளையும். மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறுக்கு மலைப்பாதையில் இறங்குகிறவன் இதில் காசு மிச்சம் பார்க்கலாமா?

மேலப்பாளையம்:
ஃபிளேரிலும் ரகம் உண்டு வே. ஜப்பான் வழி வண்டிகளில் உள்ளே மடித்த டபுள் ஃபிளேர், ஐரோப்பிய வண்டி பலவற்றில் குமிழ் ஃபிளேர். மாற்றிப் போட்டால் எவ்வளவு முறுக்கினாலும் கசியும். பழைய முனையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

உவரி:
ஆமா, நாங்களும் அதைக் காட்டித்தான் வாங்கினோம். பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது, பெடல் மேலே வருவதற்குள் சக்கரத்துப் பக்கம் காற்று வெளியேறும் நிப்பிளை மூடச் சொன்னார். அது என் வேலை. பிறகு பெடலை நன்றாக மிதித்துப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு நட்டிலும் காய்ந்த காகிதத்தை ஒற்றிப் பார்த்தார். ஒரு நட்டில் லேசாக ஈரம். அதை மட்டும் தளர்த்தி மறுபடி முடுக்கியதும் நின்றுவிட்டது. சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயிண்டைத் தின்றுவிடும்.