தினமும் வீட்டைக் கழுவியும் எலிக்காய்ச்சல் எப்படி வந்தது?

ஓடைக்கரை வீடு, திருப்பூர்:

வணக்கம்ங்க. ஜம்மனை ஓடைக்கரையில் 9 லைன் வீடுகள், கடைசி வீடு எங்களது. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, வீட்டுக்காரர் டையிங்கில் இருக்கிறார். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி ஓடைத் தண்ணீர் சலதாரை வழியாக ஏறி, வீட்டுக்குள் முழங்கால் அளவு நின்றது. ரேஷன் அரிசியையும் சிலிண்டரையும் தூக்கிக் கட்டில்மேல் வைத்தவர் அவர்தான். குதிகாலெல்லாம் பித்தவெடிப்பு, செருப்பும் போடவில்லை.

பத்தாம் நாள் குளிர்காய்ச்சல். கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே கத்தினார். கண் இரண்டும் சிவந்துவிட்டது, ஆனால் பீளை இல்லை. பக்கத்துக் கிளினிக்கில் டெங்கு இல்லை என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் கண் மஞ்சளாகி, ஒன்றுக்கும் சரியாகப் போகவில்லை. அரசு ஆஸ்பத்திரியில்தான் எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடித்து பென்சிலின் போட்டார்கள். இப்போது கஞ்சி குடிக்கிறார்.

பார்க்க வந்த ஒரம்பரையே, "வீட்டைச் சுத்தமாக வைத்தால் இது ஏன் வருது?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் தினமும் இரண்டு வேளை கழுவுகிறேன். மனசு ஆறவில்லை. பிள்ளைகளுக்கும் ஒட்டுமா? முன்கூட்டியே மாத்திரை கொடுத்துவிடலாமா?

ஸ்டாஃப் நர்ஸ், ஈரோடு:

அக்கா, முதலில் அழுகையை நிறுத்துங்கள். இது ஆளுக்கு ஆள் தொற்றுவது மிக அபூர்வம். எலி, பெருக்கான் இவற்றின் மூத்திரத்தில் கிருமி வரும். ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெடிப்பு, சிராய்ப்பு, கண், வாய் வழியாக உள்ளே போகும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் காட்டும், 30 நாள்வரைகூட ஆகலாம். அதனால் அன்றைக்குத் தண்ணீரில் இறங்கிய எல்லோரையும் ஒரு மாதம் கவனியுங்கள்.

இன்னொன்று. முதல் வாரத்தில் ரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் பார்க்கும் டெஸ்ட், நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடலாம். அதை நம்பி வீட்டிலேயே இருந்து, ஆபத்தான நிலையில் வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். "வெள்ளத்தில் நின்றேன்" என்று டாக்டரிடம் நீங்களே சொல்ல வேண்டும். நீங்கள் கேட்ட மாத்திரை டாக்ஸிசைக்ளின். அதைக் கடையில் கேட்டு வாங்கிச் சின்னப் பிள்ளைகளுக்கோ மாசமாக இருப்பவர்களுக்கோ கொடுத்துவிடாதீர்கள். யாருக்கு, எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும். தண்ணீர் வடிந்த தரையை பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவுங்கள்.

சாக்கடை வேலை, கோயமுத்தூர்:

தங்கச்சி, எனக்கும் வந்து பிழைத்தவன் நான். சங்கனூர் பள்ளத்தில் தூர் வாரியபோது கம்பூட்ஸ் கொடுக்கவில்லை, காலில் கண்ணாடி கிழித்திருந்தது. வேலைக்குப் போகுமுன் காயத்தைத் தண்ணீர் புகாத பிளாஸ்டர் போட்டு மூடணும், வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவணும். மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள், இனி வெறுங்காலோடு இறங்கவே கூடாது.

பொதுச் சுகாதாரம் படிப்பவன், கோபி:

அக்கா, உங்கள் ஒரம்பரைக்கு இதைச் சொல்லுங்கள். பிரேசிலின் சால்வடார் நகரத்தில் ஒரு சேரியில் 3,171 பேரைச் சோதித்து 2008ல் வெளியிட்டார்கள். 100க்கு 15 பேர் உடம்பில் இந்தக் கிருமி வந்துபோன அடையாளம். வெள்ளம் ஏறும் இடத்தில் திறந்த சாக்கடை, வீட்டுப் பக்கத்தில் குப்பைமேடு, கண்ணில் படும் எலிகள், இவைதான் ஆபத்தைக் கூட்டின. அதே சேரிக்குள்ளேயே வருமானம் குறைந்தவர்களுக்கு இன்னும் அதிகம். நீங்கள் தரையைக் கழுவியது வீண் இல்லை. ஓடை உள்ளே வந்தால் துடைப்பம் என்ன செய்யும்? 9 வீட்டாரும் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். பக்கத்தில் குப்பைமேடு இருந்தால் அகற்றவும், ஓடைக்குத் தடுப்புச்சுவர் கட்டவும் அதில் கேளுங்கள்.

ஓடைக்கரை வீடு, திருப்பூர்:

எல்லோருக்கும் நன்றிங்க. தம்பி சொன்ன மாதிரி மனு எழுதி, 7 வீட்டில் கையெழுத்து வாங்கிவிட்டேன். மூன்றாம் வீட்டு அக்காவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், கால்வலி என்கிறார். அவரும் அன்றைக்குத் தண்ணீரில் நின்றவர். விடிந்ததும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.