காலை ரிவ்யூவில் என் முறை வந்தால் பேச்சு இழுக்கிறது: எங்கிருந்து திருத்துவது?

ஷிப்ட்_பி (கேள்வி)

உதிரிபாகத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். தினமும் 8.45க்கு ரிவ்யூ, லைனுக்கு இரண்டு நிமிடம். பிளான்ட் ஹெட், மெயின்டனன்ஸ், குவாலிட்டி, ஸ்டோர்ஸ் எல்லோரும் நின்றபடியே கேட்பார்கள். வேலை தெரியும், கணக்கும் கையில் இருக்கும். வாயைத் திறந்தால்தான் சிக்கல். நேற்றுச் சொன்னது ஏறக்குறைய இப்படி:

"சார், நேத்து ரெண்டாம் ஷிப்ட்ல வந்து, ஆபரேட்டர் ஒருத்தர் லீவு போட்டு, அவருக்குப் பதிலா வேற ஆள நிறுத்தி, ஓட்டிட்டு இருக்கும்போது ஸ்பிண்டில்ல சத்தம் வந்து, மெயின்டனன்ஸ்ல சொல்லி, அவங்க பாத்து, பேரிங் போயிடுச்சுன்னு கழட்டி, ஸ்டோர்ல ஸ்பேர் இல்லாம, லைன் அப்படியே நின்னு, அதனால 400 பீஸ் குறைஞ்சிடுச்சு சார்."

பாதியிலேயே "விஷயத்துக்கு வாங்க" என்கிறார்கள். போகப்போகக் குரலும் இறங்குகிறது. எப்போது முடியும் என்று கேட்டால், முடியாத தேதிக்கும் "பண்ணிடலாம் சார்" என்று வந்துவிடுகிறது. "தன்னம்பிக்கையோடு பேசுங்கள்" வகை அறிவுரை வேண்டாம். நாளைக் காலையே செய்து பார்க்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

பழைய_ஃபோர்மேன்

உங்கள் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் "வந்து" வெறும் நிரப்பி. அதை விட்டுவிட்டாலும் போட்டு, நிறுத்தி, வந்து, சொல்லி, பாத்து, கழட்டி, இல்லாம, நின்னு என்று எட்டு வினையெச்சம். வாக்கியத்தை முடிக்கிற வினை ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியில். தமிழில் எச்சத்தை எத்தனை வேண்டுமானாலும் கோக்கலாம், இலக்கணம் தடுக்காது. கேட்பவர்தான் பாவம். முற்று வரும்வரை இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா, தனக்கு இதில் வேலை இருக்கிறதா என்றே அவருக்குத் தெரியாது. பொறுமை போவது அதனால்தான்.

அதே விஷயம், முற்றுகளாக உடைத்து:

"மூணாம் லைன் நேத்து 400 பீஸ் குறைவு. ஸ்பிண்டில் பேரிங் போச்சு, ஸ்டோர்ல ஸ்பேர் இல்ல. இன்னைக்கு 3 மணிக்கு பேரிங் வருது. 5 மணிக்கு லைன் ஓடும். விட்ட 400-ஐ எடுக்க நாளைக்கு ரெண்டு மணி நேரம் ஓவர்டைம் வேணும்."

அரை நிமிடம்கூட ஆகாது. லீவு போட்ட ஆபரேட்டர் காணாமல் போய்விட்டார், கவனித்தீர்களா? பேரிங் போனதற்கும் அவருக்கும் தொடர்பு இல்லையென்றால் அவர் அங்கே வர வேண்டியதில்லை. கேட்டால் சொல்லுங்கள். நடந்த வரிசையிலேயே சொல்வது, நம் பக்கம் தப்பில்லை என்று காட்ட மனசு செய்கிற வேலை. ரிவ்யூவில் தலைகீழாக வர வேண்டும்: விளைவு, காரணம், இனி எப்போது, என்ன வேண்டும்.

மருத்துவமனைகளில் நர்ஸ் டாக்டரைப் போனில் அழைக்கும்போது இதே மாதிரி ஒரு வரிசையைப் பின்பற்றச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எஸ்பார் என்று பெயர்: நிலை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளில் இருந்த பழக்கம் மருத்துவத்துக்கு வந்தது. நான்கில் அதிகம் விட்டுப்போவது கடைசி. பிரச்சினையைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் எதிரில் இருப்பவர் "அதுக்கு?" என்றுதான் கேட்பார்.

நாளைக்குச் செய்ய வேண்டியது: 8.30க்குக் கையகலத் தாளில் நான்கு வரி. ஒவ்வொரு வரியிலும் எண்ணும் முடிக்கிற வினையும் மட்டும் ("400 குறைவு", "5 மணி ஓடும்"). முழு வாக்கியம் எழுதாதீர்கள். எழுதினால் வாசிக்கத் தோன்றும், தலை குனியும், குரலும் கூடவே குனியும். மனப்பாடம் முதல் வாக்கியத்துக்கு மட்டும்.

தொண்டைத்தண்ணி

குரல் இறங்குவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. ஆமா இல்லையா என்பதும் அந்த வினையின் வாலில்தான் இருக்கிறது: முடியும், முடியாது, வந்துச்சு, வரல. நீண்ட வாக்கியத்தில் மூச்சு தீர்வதும் அதே இடத்தில்தான். மேசையின் அந்தப் பக்கம் நிற்பவருக்கு "சாயங்காலத்துக்குள்ள முடி..." வரைதான் கேட்கும். மீதியை அவர் தன் வசதிப்படி நிரப்பிக்கொள்வார். இங்கே சத்தத்தைக் கூட்டுவது உதவாது, வாக்கியத்தின் நீளத்தைக் குறைக்க வேண்டும். ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியம், ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். முடித்ததும் வாயை மூடி மூக்கால் மூச்சு எடுங்கள். அந்த ஒரு வினாடி உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும். "வந்து", "என்னன்னா", "பாத்தீங்கன்னா", "ஆக்சுவலி" எல்லாம் முளைப்பது அந்த இடைவெளியில்தான். வாய் மூடியிருந்தால் அவை வர வழியில்லை.

சோதிக்க: போனில் ரெக்கார்டரைப் போட்டுப் பத்தடி தள்ளி வையுங்கள். நான்கு வரியையும் நின்றுகொண்டே சொல்லுங்கள். திரும்பக் கேட்கும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் கவனியுங்கள். தெளிவில்லாத வரியை மறுபடி சொல்லுங்கள். மூன்று தடவை போதும், அதற்கு மேல் போனால் ஒப்பிக்கிற தொனி வந்துவிடும்.

படபடப்புக்கு: உங்கள் முறைக்கு முந்தைய ஆள் பேசும்போது நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து தடவை. வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு சற்றுத் தணியும். இழுப்பதை மட்டும் பெரிதாகச் செய்தால் தலை சுற்றும், நிறையப் பேர் செய்கிற தப்பு இது. கை நடுங்குகிறவர் தாளை அட்டையில் கிளிப் போட்டுப் பிடிக்கலாம், வெறும் தாள் நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். செருமாதீர்கள். செருமினால் தொண்டை இன்னும் உறுத்தும், ஒரு வாய் தண்ணீர் போதும். மீட்டிங்குக்கு முந்திய காபியை மீட்டிங்குக்குப் பிந்தியதாக்குங்கள்.

நாமும்_நாங்களும்

"பண்ணிடலாம்" வியாதிக்கு மருந்து அந்த "லாம்"-ஐ வெட்டுவதுதான். பண்ணிடலாம், பார்க்கலாம், முடிச்சிடலாம். இவற்றில் யார் என்பதும் இல்லை, எப்போது என்பதும் இல்லை. சொன்னவர் மரியாதைக்குச் சொல்லியிருப்பார், கேட்டவர் வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை சண்டை வரும். பதிலுக்கு ஆளும் நேரமும் உள்ள வினை வேண்டும்: "வியாழன் 4 மணிக்கு நான் தர்றேன்." முடியாதென்றால் மொட்டையாக மறுக்காமல் கணக்கை முன்னால் வையுங்கள்: "புதன்கிழமைன்னா 600தான் வரும் சார். 1000 வேணும்னா வெள்ளிக்கிழமை. எது வேணும்?" மரியாதை "சார்"-லும் "ங்க"-விலும் இருக்கட்டும், எண்ணைக் குழைக்க வேண்டாம்.

இன்னொன்று, நாம, நாங்க. "நாம லேட் பண்ணிட்டோம் சார்" என்றால் பிளான்ட் ஹெட்டையும் தப்பில் சேர்த்துவிட்டீர்கள். தப்பு உங்கள் லைனுடையது என்றால் "நாங்க". ஸ்டோர்ஸும் மெயின்டனன்ஸும் சேர்ந்து செய்ய வேண்டியதற்கு "நாம". ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், நமக்கு இந்த வசதி இருக்கிறது.

சந்தேகத்தையும் பூசி மெழுகாதீர்கள். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலையம், பனிமூட்டம். ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருக்குமோ என்ற சந்தேகம், புறப்படத் தொடங்கிய கேஎல்எம் (டச்சு நிறுவனம்) விமானத்தின் பொறியாளருக்கு வந்தது. அவர் அதைக் கேள்வியாகத்தான் கேட்டார். கேப்டன் உறுதியாகப் பதில் சொல்லிவிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தார். இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். விபத்துக்குக் காரணங்கள் பல. அதற்குப் பிறகு விமானத் துறை இளையவர்கள் வெளிப்படையாகச் சொல்லவும் பயிற்சி கொடுத்தது, கட்டளையைத் திருப்பிச் சொல்வதையும் இறுக்கியது. ரிவ்யூவில் "அது ஓகேதானே சார்?" என்று கேட்பதற்குப் பதில் "இன்சர்ட் 200 பீஸ்தான் தாங்கும், 300 ஓட்டினா ரிஜெக்ஷன் வரும்" என்று சொல்லுங்கள் (இன்சர்ட் என்பது மெஷினில் மாட்டுகிற வெட்டுமுனை). உங்களுக்கு வந்த வேலையைக் கலைவதற்கு முன் திருப்பிச் சொல்லுங்கள்: "எனக்கு ரெண்டு வேலை. பேரிங் இன்னைக்கு, ஓவர்டைம் லிஸ்ட் நாளைக்குக் காலைல."

மேடைப்பூனை

மேடைப்பேச்சுப் பழகுகிற டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் சேருங்கள். 1924இல் கலிபோர்னியாவில் தொடங்கியது, தமிழில் நடக்கும் கிளப்புகளும் உண்டு. நிரப்பிச் சொற்களை எண்ணவே ஒருவரை உட்கார வைப்பார்கள்.

பழைய_ஃபோர்மேன்

@மேடைப்பூனை பாதி ஒப்புக்கொள்கிறேன். அங்கே தயாரித்த பேச்சு பெரும்பாலும் 5 முதல் 7 நிமிடம், தொடக்கமும் நயமும் கேட்கும். ரிவ்யூவில் நயத்துக்கு இடமில்லை. இவருக்குப் பயன்படுவது டேபிள் டாபிக்ஸ். தலைப்பை அந்த நேரத்தில்தான் சொல்வார்கள், ஒன்றிலிருந்து இரண்டு நிமிடத்தில் பேசி முடிக்க வேண்டும், பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு எரியும். விருந்தினராக இரண்டு கூட்டம் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

ஷிப்ட்_பி

நன்றி. ஒரு சந்தேகம் மட்டும். நாலு வரியை முடிக்கும் முன்பே கேள்வி வந்தால்? கையில் இல்லாத எண்ணைக் கேட்டால்?

நாமும்_நாங்களும்

கேள்வி வந்ததும் வரிசையை விட்டுவிடுங்கள். ஒரே வாக்கியத்தில் பதில், பிறகு "அடுத்து, ஓவர்டைம்" என்று விட்ட வரிக்குத் திரும்புங்கள். "அதத்தான் சார் சொல்ல வந்தேன்" வேண்டாம், எரிச்சலைத்தான் கிளப்பும். நேரம் போய்விட்டால் இரண்டாம் மூன்றாம் வரியை விட்டுவிட்டு நான்காவதை மட்டும் சொல்லுங்கள், அனுமதி வாங்க வேண்டியது அதற்குத்தான்.

எண் இல்லையென்றால் "சுமாரா" என்று அடித்துவிடாதீர்கள். அந்தச் சுமாரை யாராவது எழுதிக்கொள்வார்கள், மறுநாள் அதுதான் உங்கள் டார்கெட். "இப்ப கையில இல்ல, 11 மணிக்கு வாட்ஸ்அப்ல போடறேன்" என்று சொல்லிவிட்டு, அங்கேயே எல்லோரும் பார்க்கத் தாளில் 11 என்று எழுதுங்கள். 10.50க்கு அனுப்பிவிடுங்கள். 11 மணி வரை எண் வரவில்லையென்றாலும் "இன்னும் வரல, 12க்குச் சொல்றேன்" என்று ஒரு வரி போகட்டும்.