அப்பாவை வாசலில் நிறுத்திய மாணவர் டிக்கெட்

அமெரிக்காவில் படிக்கிறவர்கள், படித்து முடித்தவர்கள் யாராவது காலேஜ் ஃபுட்பால் மாணவர் டிக்கெட்டால் சூடு பட்டிருந்தால் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

மிட்வெஸ்டில் ஒரு பெரிய அரசுப் பல்கலை, பிஎச்டி மூன்றாம் வருஷம். (ஃபுட்பால் என்றால் நம்ம ஊர் கால்பந்து இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டுவது.) அக்டோபரில் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பா திருச்செந்தூர் பக்கம் கபடி ஆடியவர். டிவியில் ஒரு மேட்ச் பார்த்துவிட்டு, "இது நம்ம கபடிதாம்லே, பந்து ஒண்ணுதான் கூடுதல்" என்றார். அப்புறம் நேரில் காட்டாமல் விட மனசு வருமா?

என்னிடம் சீசன் முழுக்கச் செல்லுபடியாகும் மலிவு விலை மாணவர் டிக்கெட் இருந்தது. லேப் நண்பன் அந்த வாரம் கான்ஃபரன்ஸ் போகிறான், அவன் டிக்கெட் சும்மா கிடக்கிறது. எனக்கு அனுப்பப் பார்த்தான். ஒரு மாணவருக்கு ஒரு டிக்கெட்தான் என்று ஆப் திருப்பிவிட்டது. விருந்தினர் டிக்கெட்டாக மாற்ற வித்தியாசத் தொகை கட்டவேண்டும். கட்டவும் தயார், ஆனால் அந்த வசதி வெள்ளி மதியமே மூடிவிட்டது. நாங்கள் பார்த்தது வெள்ளி ராத்திரி. கடைசியில் நண்பனின் கணக்கையே அப்பா ஃபோனில் போட்டுக்கொண்டு போனோம். தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்கேன் பண்ணியதும் மெஷின் வேறு நிறம் காட்டியது. வாசலில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி மாணவர் ஐடி கேட்டார். அப்பா கம்பீரமாக பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார்! விடவில்லை. கவுண்டரில் முழு விலைக்குப் புது டிக்கெட் வாங்கச் சொன்னார்கள். அதைக் கேட்டதும் அப்பாவே வேண்டாம் என்றுவிட்டார். "கலியாண வீட்ல மொய் எழுதாதவனுக்கே எலை போடுவாவ. இங்க காசு கொடுத்து வாங்குன சீட்ல ஆளு மாத்தி உக்கார விடமாட்டேங்கானுவளே."

நானும் உள்ளே போகவில்லை. பார்க்கிங்கில் டிவி வைத்து கறி சுட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் அப்பாவுக்கு நாற்காலி போட்டார். மூணு மணி நேரம் இருவரும் ஏதோ பேசினார்கள். எந்த மொழியில் என்று இன்றுவரை தெரியாது.

*

அண்ணா, நீங்க உள்ள போக முடியாம கஷ்டப்பட்டீங்க. நான் போகாததுக்கு தண்டனை வாங்கினேன். தெற்குப் பக்கம் ஒரு யுனிவர்சிட்டி, இளநிலை ரெண்டாம் வருஷம். திங்கட்கிழமை ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எக்ஸாம். அதனால செவ்வாய்க்கிழமையே டிக்கெட்டை எக்ஸ்சேஞ்சில் (மாணவர்கள் தங்களுக்குள்ள டிக்கெட் விற்கிற தளம்) போட்டுட்டேன். எதிர் டீம் பேர் தெரியாத சின்ன காலேஜ், செப்டம்பர் வெயில், காலை 11 மணி ஆட்டம். யார் வாங்குவா? ஞாயிற்றுக்கிழமை மெயில் வருது, பயன்படுத்தாத டிக்கெட்டுக்கு ஒரு கரும்புள்ளின்னு. மூணு சேர்ந்தா பெரிய மேட்சுக்கு டிக்கெட் கிடையாது. விற்கலைன்னா, நாமளே எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுத்து, கெடுவுக்குள்ள வேற ஒரு பட்டனை அமுக்கி திருப்பிக் கொடுக்கணுமாம். விற்பனைக்குப் போட்டதை எல்லாம் கணக்குல எடுத்துக்க மாட்டாங்க.

2019-ல அலபாமா யுனிவர்சிட்டி கொண்டுவந்த ஆப் ஞாபகம் இருக்கா? நாலாவது குவார்ட்டர் (ஆட்டத்தோட கடைசிக் கால்பங்கு) வரைக்கும் ஸ்டேடியத்துல இருந்தா புள்ளி, ஃபோன் இருக்கிற இடத்தை வச்சுப் பார்த்துக்குவாங்க. எங்க ஹாஸ்டல் வார்டன் தேவலை.

*

தம்பி, தங்கச்சி ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. படிக்கும்போது டிக்கெட் ஆபீஸில் பகுதிநேர வேலை பார்த்தவன் நான், திட்டு வாங்கிய பக்கம். மாணவர் டிக்கெட் மலிவு. பரம எதிரி டீம் வரும் வாரம் வெளியே பல மடங்கு விலை. ஒரு வருஷம் பசங்க விற்றுத் தள்ளியதில் மாணவர் பகுதியில் பாதி எதிரணி நிறத்தில் உட்கார்ந்திருந்தது. எங்கள் பேண்டுக்குப் பக்கத்திலேயே அவர்கள் பாட்டு. ஐடி கேட்பது அதனால்தான், அதில் எனக்குக் குறை இல்லை.

ஆனால் வெள்ளி மதியக் கெடு? நான் கேட்டபோது ஒருவரும் காரணம் சொல்லவில்லை. பல ஆட்டங்கள் எத்தனை மணிக்கு என்பதையே டிவி கம்பெனிகள் 12 நாள் முன்னால்தான் சொல்கின்றன, சில வாரம் 6 நாள் முன்னால். பல ஆட்டங்கள் சரியாக எத்தனை மணிக்கு என்று தெரியாமல்தான் பையன் சீசன் முழுக்கப் பணம் கட்டுகிறான். ஆடுகிற பையன் 2021-லிருந்து தன் பேரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம். பார்க்கிற பையன் தன் சீட்டை அப்பனுக்குக் கொடுக்க முடியாது!

ஒரு உபாயம்: பெற்றோர் வருகிறார்கள் என்றால் சின்ன டீம் வரும் வாரமாகப் பார்த்து பொது டிக்கெட்டே எடுங்கள். அந்த வாரங்களில் மறுவிற்பனை விலை சனிக்கிழமை காலை தரைக்கு வந்துவிடும்.

*

நன்றி அண்ணா, இது அப்போதே தெரிந்திருந்தால் அப்பாவைக் கூட்டிப்போயிருப்பேன். அப்பா அதன்பிறகு ஆட்டத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை, நாற்காலி போட்ட பெரியவரைத்தான் விசாரிக்கிறார்.

நேற்று அடுத்த சீசன் டிக்கெட் விற்பனை ஆரம்பம். காலையிலேயே லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, ஆன்லைன் வரிசையில் நாற்பது நிமிஷம் காத்திருந்து, மறுபடியும் வாங்கிவிட்டேன். திட்டாதீர்கள்.